32ஆம் வயதில் மாணவராக அமர்ந்த அறிஞர்: தவத்திரு தனிநாயகம் அடிகளார்

ஆலயத் திருவிழா மலர்களில் நாயன்மார்களின் வரலாறும் ஆழ்வார்களின் பெருமையும் வள்ளலார், விவேகானந்தர் போன்ற அருளாளர்களின் வாழ்வும் இடம்பெறுவது நம் வழக்கம். இவ்வாண்டு மலருக்கு ஒரு கத்தோலிக்கக் குருவின் வாழ்க்கையை எழுத முனைந்தமைக்கு முதலிலேயே காரணம் கூறிவிடுவது முறையாகும். அம்மன் சந்நிதி மலரில் பாதிரியாருக்கு என்ன வேலை என்று நம் செயற்குழுப் பெரியவர்கள் சிலர் வினவக்கூடும். அவ்வினா நியாயமானதே. மார்கழி மாத விடியற்காலையில் நம் தோட்டத்துப் பிள்ளைகள் குளிரில் நடுங்கியபடி பாடிவரும் திருவெம்பாவைக்கும் இம்மனிதருக்கும் ஒரு தொடர்பு உண்டு. நம் பிள்ளைகள் இந்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் தமிழை ஒரு துறையாகப் பயில முடிகிறதே, அதற்கும் இவருக்கும் தொடர்பு உண்டு. அவற்றுக்கெல்லாம் மேலாக, படித்து முடித்தாயிற்று என்று ஊரார் எண்ணியிருந்த வயதில், படித்த துறையை விட்டு வேறொரு துறைக்கு மாணவராகத் திரும்பிச் சென்ற துணிவு இவருடையது. பெரியவர்கள் அன்புகூர்ந்து இறுதிவரை படித்தருள வேண்டுகிறேன்.

தனிநாயகம் அடிகளார் 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2ஆம் நாள் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஊர்காவற்றுறைப் பகுதியில் கரம்பொன் என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சேவியர் ஸ்தனிஸ்லாஸ். முன்னோர் பெயராகிய தனிநாயகம் என்பதை அவர் பின்னாளில் தாமே விரும்பி ஏற்றுக்கொண்டார். ஊர்காவற்றுறையில் தொடங்கிய பள்ளிப் படிப்பு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் தொடர்ந்தது. அக்காலத்து ஆங்கிலக் கல்லூரிகளின் இயல்பு நாம் அறிந்ததே. நம் நாட்டிலும் சிரம்பான் நகரத்து ஆங்கிலப் பள்ளிகளில் பயின்ற பழைய தலைமுறையினர் வீட்டில் தமிழ் பேசினாலும் தமிழில் ஒரு கடிதம் எழுதத் திணறுவதைக் கண்டிருக்கிறோம். அவருடைய நிலையும் ஏறத்தாழ அதுவே. ஆங்கிலமும் லத்தீனும் நாவில் புரண்டன. சங்க இலக்கியமோ திருமுறையோ அவருக்கு அறிமுகம் ஆகவில்லை.

குருத்துவப் பணியில் நாட்டம் கொண்டு கொழும்பு புனித பெர்னார்டு குருமடத்தில் மெய்யியல் பயின்றார். 1934இல் உரோமை நகரம் சென்று அங்குள்ள உர்பான் பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்றார். 1938 மார்ச்சு 19ஆம் நாள் குருவாகத் திருநிலை பெற்றார். இறையியலில் டாக்டர் பட்டமும் அடைந்தார். அவருடைய ஆய்வு வட ஆப்பிரிக்காவில் பழங்காலத்தில் விளங்கிய கார்த்தேஜ் நகரத்துக் குருமார்களைப் பற்றியது. இத்தாலிய மொழி முதலிய ஐரோப்பிய மொழிகளும் கைவந்தன. இருபத்தாறு வயதிற்குள் இவ்வளவும் பெற்ற ஒருவர் இனி ஏடெடுத்துப் பாடம் கேட்க வேண்டிய தேவை இல்லை என்றே எவரும் நினைப்பர்.

தமிழ்நாட்டில் பணிபுரிய வந்த அவர் 1940ஆம் ஆண்டளவில் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியப் பொறுப்பேற்றார். அங்கேதான் அவருக்குத் தம் குறை முழுமையாகப் புலப்பட்டது. எதிரே அமர்ந்திருக்கும் கிராமத்துப் பிள்ளைகள் பிழையறப் பேசும் தமிழ், பல மொழி கற்ற தமக்கு வாய்க்கவில்லை என்பது அவரை வருத்தியது. இவ்விடத்தில் பலர் செய்வது யாதெனில், ஆங்கிலத்தின் பின்னே ஒளிந்துகொள்வது. அவர் அவ்வாறு செய்யவில்லை. ஊரிலிருந்த தமிழ்ப் பண்டிதர் ஒருவரை அணுகி இலக்கணமும் இலக்கியமும் பாடம் கேட்கத் தொடங்கினார். பகலில் பள்ளியில் பிறருக்கு ஆசிரியர். ஓய்வு நேரத்தில் பண்டிதர் முன்னே மாணாக்கர். இவ்வாறு ஏறத்தாழ நான்கைந்து ஆண்டுகள் கழிந்தன.

பண்டிதரிடம் தனியாகக் கற்றதோடு அவர் நிறைவடைந்திருக்கலாம். மேடையில் பேசுவதற்கும் மறையுரை ஆற்றுவதற்கும் அந்தத் தமிழே போதுமானது. ஆயினும் அவர் 1945ஆம் ஆண்டு, தம் 32ஆம் வயதில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை வகுப்பில் மாணவராகச் சேர்ந்தார். இறையியல் டாக்டர் ஒருவர், குருவாகத் திருநிலை பெற்று ஏழாண்டுகள் கழிந்த பின்னர், தம்மினும் பத்து வயது இளைய பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் அமர்ந்து தொல்காப்பியமும் சங்கப் பாடல்களும் கேட்டார் என்பதை நாம் சற்று நிதானித்து எண்ணிப் பார்க்க வேண்டும். பட்டம் தேவை என்றால் அவரிடம் அது முன்பே இருந்தது. பதவியும் இருந்தது. மதிப்புக்கும் குறைவில்லை. வயதும் படிப்பும் ஏற ஏற, தெரியாது என்று சொல்லும் துணிவு மனிதனிடம் குறைந்துகொண்டே போகும். எல்லாம் தெரிந்தவர் என்று பிறர் நம்பும் நிலையில் இருப்பவர்க்கு அது இன்னும் அரிது.

நம் தோட்டங்களின் நிலையை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. லின்சம், லாபு, சுவா பெத்தோங் என்று தோட்டத்தின் பெயரையே தாங்கிய தமிழ்ப்பள்ளிகளில் ஆறாம் ஆண்டு வரை பயின்று, பின்னர் புகுமுக வகுப்பு வழியாகத் தேசிய இடைநிலைப் பள்ளிக்குச் சென்றவர்களே நம்மில் பெரும்பாலோர். அடிகளார் ஆங்கிலத்தில் வளர்ந்து பிறகு தமிழுக்கு வந்தார். நாமோ தமிழில் தொடங்கிப் பன்னிரண்டு வயதோடு அதை வாசலில் விட்டுவிட்டோம். திசை வேறாயினும் இழப்பு ஒன்றே. அன்று பால்வெட்டுக் காட்டிலும் ஆயக்கொட்டகையிலும் உழைத்த நம் தாய்மார், பிள்ளை படித்து ஒரு வேலையில் அமர்ந்தால் போதும் என்று எண்ணினர். அது குற்றமன்று. வேலைக்கான படிப்பு என்பது ஒன்று, மனம் நாடும் படிப்பு என்பது வேறு, இரண்டாவதற்கு வயது கடந்துவிட்டது என்ற எண்ணம் மட்டும் நம்மிடம் ஊறிப்போயிற்று.

அவர் சென்று சேர்ந்த ஊரின் பெருமை அடியார்களுக்கு நான் எடுத்துக்கூற வேண்டியதில்லை. தில்லைக் கூத்தனின் திருத்தலம் அது. மூவர் பாடிய தேவார ஏடுகள் செல்லரித்துக் கிடந்த அறை, இராசராச சோழனும் நம்பியாண்டார் நம்பியும் முன்நிற்கத் திறக்கப்பட்டதாகச் சைவ மரபு போற்றும் இடம் அது. மணிவாசகப் பெருமான் இறைவனோடு கலந்ததும் அங்கேயே என்பர். அத்தகைய ஊரில் ஒரு கத்தோலிக்கக் குரு தமிழ் பயின்றார். பேராசிரியர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் போன்ற பெரும்புலவர்களின் அறிவு வளம் அவருக்குத் துணையாயிற்று. பக்திப் பாடல்களை அவர் பிற சமயத்தாரின் நூல் என ஒதுக்கவில்லை. திருமூலரின் வாக்கு ஒன்று அவருக்கு மிகவும் உவப்பானது. இறைவன் தம்மைப் படைத்ததன் பயன் தமிழ்த்தொண்டு என்னும் கருத்தமைந்த அத்திருமந்திரப் பாடலைப் பின்னாளில் மேடைகள் பலவற்றில் எடுத்தாண்டார்.

முதுகலை முடிந்த பின்னரும் அவர் விடவில்லை. மேலும் இரண்டாண்டுகள் அங்கேயே தங்கி எம்.லிட். பட்ட ஆய்வை மேற்கொண்டார். சங்கப் பாடல்களில் இயற்கை என்பது அதன் பொருள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என நிலத்தை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொரு நிலத்தின் பூவும் பறவையும் பொழுதும் மாந்தர் உள்ளத்து உணர்வோடு எவ்வாறு இணைகின்றன என்பதை அவர் ஆராய்ந்தார். கிரேக்க, லத்தீன் கவிதைகளை அறிந்தவர் ஆதலால் அவற்றோடு ஒப்பிட்டும் எழுத முடிந்தது. அந்த ஆய்வு 1953இல் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தது. தமிழறியாத உலகம் சங்க இலக்கியத்தின் அருமையை உணர்வதற்கு அந்நூல் வாயிலாக அமைந்தது. (ரப்பர்த் தோட்டம் ஐந்திணையில் எதில் அடங்கும் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. வைகறைப் பொழுதில் பெரட்டுக்கு நின்றவர்கள் விடை சொல்லட்டும்.)

அடிகளார் தம் பழைய படிப்பை வீணாக்கினாரா என்ற கேள்வி இங்கே எழும். துறை மாறுகின்ற எவரையும் உறவினர் முதலில் கேட்பது இதைத்தான்: இத்தனை ஆண்டு படித்தது என்ன ஆயிற்று? அடிகளாரின் வாழ்வில் இதற்குத் தெளிவான விடை இருக்கிறது. ஐரோப்பிய நூலகங்களில் நானூறு ஆண்டுகளாகத் தூசி படிந்து கிடந்த தமிழ் நூல்களைத் தேடி அவர் சென்றார். போர்த்துக்கல் நாட்டுத் தலைநகர் லிசுபனில் 1554ஆம் ஆண்டு அச்சான ஒரு சிறு சமய நூல் இருந்தது. அதில் தமிழ்ச் சொற்கள் ரோமன் எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தன. அதனை ஆராய்ந்து தமிழுலகிற்கு அறிவித்தவர்களுள் அவர் முதன்மையானவர். அவ்வாறே வத்திக்கான் நூலகத்தில், அந்தாம் தெ புரோயென்சா என்னும் பாதிரியார் தொகுத்து 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சான தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியைக் கண்டார். 16,000க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட பழைய அகராதி அது. தமிழ் மட்டும் கற்ற புலவர் வத்திக்கான் நூலகப் பட்டியலைப் படித்திருக்க இயலாது. லத்தீன் மட்டும் கற்ற குரு அவ்வகராதியின் அருமையை அறிந்திருக்க மாட்டார். இரண்டும் ஒருவரிடத்தில் சேர்ந்திருந்தமையால் அது மீண்டும் வெளிச்சத்திற்கு வந்தது. 1966இல் அதன் மறுபதிப்பு வெளியான ஊர் எது என நினைக்கிறீர்கள்? நம் கோலாலம்பூர்.

1952இல் தமிழ்ப் பண்பாட்டை உலகறியச் செய்யும் பொருட்டு ‘தமிழ் கல்ச்சர்’ என்னும் ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். அதே ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகக் கல்வித்துறையில் விரிவுரையாளரானார். இங்கே மீண்டும் ஒரு மாற்றம். கல்வியியல் அவருக்குப் புதிய துறை. மூன்றாண்டுகள் கற்பித்த பின், 42ஆம் வயதில், இலண்டன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராகப் பதிவு செய்துகொண்டார். பழந்தமிழ் இலக்கியத்தில் காணப்படும் கல்விச் சிந்தனைகளை ஆராய்ந்து 1957இல் முனைவர் பட்டம் பெற்றார். மெய்யியல், இறையியல், தமிழ், கல்வியியல் என நான்கு படிகள். ஒவ்வொன்றிலும் அவர் கீழ்ப்படியிலிருந்தே ஏறினார். இடையில் 1956ஆம் ஆண்டு இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தபோது தமிழர் மொழியுரிமை குறித்து அஞ்சாமல் எழுதினார் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இயங்கி வந்தது. அங்கே அமையவிருந்த இந்திய இயல் துறையில் எம்மொழிக்கு முதலிடம் என்ற விவாதம் எழுந்தபோது, ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரில் நிதி திரட்ட முன்வந்தார். ஆளுக்கு ஒரு வெள்ளி தாருங்கள் என்பதே அவர் வேண்டுகோள். வணிகர்கள் மட்டுமல்லர், பால்மரம் சீவிய தோட்டப் பாட்டாளிகளும் கொடுத்தனர். அன்றைய தோட்டக் கூலியில் ஒரு வெள்ளி என்பது சிறு தொகையன்று. தம் பிள்ளைகள் அப்பல்கலைக்கழக வாசலை மிதிப்பார்கள் என்று கனவிலும் கருத இயலாதவர்கள் கொடுத்த காசு அது. துறை 1956இல் தொடங்கியது. அத்துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்று 1961இல் கோலாலம்பூருக்கு வந்தவரே தனிநாயகம் அடிகளார்.

அவர் இந்நாட்டில் பணியாற்றிய எட்டாண்டுகளும் நம் தோட்ட மக்களுக்கு இடர் மிகுந்தவை. வெள்ளைக்காரத் துரைமார் நாடு திரும்ப, பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டன. நெகிரி செம்பிலானிலும் லயங்களை விட்டுக் குடும்பங்கள் வெளியேறின. ஆலயம் எங்கே போகும், பள்ளி என்ன ஆகும் என்ற கவலை அன்று தொடங்கியது. அக்கவலை இன்றுவரை நம்மை விட்டு நீங்கவில்லை. அச்சூழலில் தமிழ் என்பது கூலிகளின் பேச்சு என்று பிறர் மட்டுமன்றி நம்மவரும் எண்ணத் தலைப்பட்டிருந்தனர்.

1964 ஜனவரியில் புதுதில்லியில் கீழைத்தேயவியல் அறிஞர் மாநாடு கூடியபோது, அடிகளாரும் பிற அறிஞர்களும் சேர்ந்து உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தை நிறுவினர். மன்றத்தின் முதல் மாநாடு சென்னையில் நடக்கவில்லை, யாழ்ப்பாணத்தில் நடக்கவில்லை. 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் தொடக்கி வைத்தார். இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து அறிஞர்கள் வந்தனர். பிரெஞ்சுக்காரரும் செக்கோசுலோவாக்கியரும் அமெரிக்கரும் நம் மொழியைப் பற்றிக் கட்டுரை படித்தனர். அக்கட்டுரைகள் பின்னர் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளிவந்தன. நாட்டின் பிரதமரே தொடக்கி வைக்கும் அளவுக்குத் தம் மொழி மதிப்புடையது என்ற செய்தி, கோலாலம்பூரிலிருந்து நாற்பது மைல் தொலைவில் சிரம்பானைச் சுற்றியிருந்த தோட்டங்களை நாளேடுகள் வழி எட்டியபோது, ஒரு வெள்ளி கொடுத்தவர்களுக்கு அது எத்தகைய நிறைவைத் தந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

திருவெம்பாவை பற்றிச் சொல்வதாகக் கூறினேன் அல்லவா? தென்கிழக்காசிய நாடுகளில் தமிழ்ப் பண்பாட்டின் சுவடுகளை அடிகளார் ஆராய்ந்தார். சீயம் என்று நாம் முன்னர் அழைத்த தாய்லாந்தில், அரசவைப் பிராமணர்கள் மார்கழி, தைத் திங்களை ஒட்டி ஒரு விழா எடுப்பர். அதன் பெயர் திரியம்பாவாய், திரிபாவாய். திருவெம்பாவையும் திருப்பாவையுமே அவ்வாறு மருவின. பாங்காக் நகரில் அவ்விழாவின் பொருட்டு நிறுவப்பட்ட மாபெரும் செந்நிற ஊஞ்சல் தூண்கள் இன்றும் நிற்கின்றன. ஊஞ்சலாட்டம் மட்டும் 1935இல் நிறுத்தப்பட்டது. அங்கே ஓதப்படுவன தமிழ்ப் பாடல்களின் சிதைந்த வடிவமே என்பதை ஆராய்ந்து உலக அரங்கில் எடுத்துரைத்தவர்களுள் அடிகளாரும் ஒருவர். ஓதுவோர்க்குப் பொருள் தெரியாது. ஆயினும் பல நூற்றாண்டுகளாக ஒலி காக்கப்பட்டு வந்திருக்கிறது. மணிவாசகரின் வாக்கு கடல்கடந்து அரசவைச் சடங்கில் இடம்பெற்ற செய்தியைச் சைவர்களாகிய நமக்கும் எடுத்துச் சொன்னவர் ஒரு கத்தோலிக்கக் குரு. நம் பிள்ளைகளும் பொருளறியாமல் ஒலியை மட்டும் ஓதும் நிலை வந்துவிடுமோ என்ற அச்சம் இதை எழுதும்போது எனக்கு எழுகிறது.

என்னைப் பற்றி ஒரு சொல் கூறிக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். கணக்கியல் பட்டயத்தோடு அரசுப் பணியில் புகுந்த நான், நாற்பதைத் தாண்டிய பின் தமிழ் இலக்கியம் பயிலப் பதிவு செய்துகொண்டேன். முதல் நாள் வகுப்பில் என்னை விரிவுரையாளர் என்று கருதி மாணவர்கள் எழுந்து நின்றனர். நான் கடைசி இருக்கைக்குச் சென்று அமர்ந்தபோது அவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டனர். அன்றிரவு படிப்பைக் கைவிடும் எண்ணத்தோடுதான் வீடு திரும்பினேன். பதவி உயர்வுக்குப் பயன்படாத படிப்பு எதற்கு என்று அலுவலக நண்பர்கள் கேட்டதும் மனத்தில் உறுத்தியது. அப்போது கையில் கிடைத்தது அடிகளாரின் வரலாறு. மறுவாரமும் வகுப்புக்குப் போனேன். இன்று நீலாய், செனவாங் வட்டாரங்களில் ஆலைப் பணி முடித்து வார இறுதியில் பாடம் படிக்கும் நம் இளையோரும் நடுவயதினரும் பலர் உளர். பள்ளிச் சான்றிதழ் போதாதவர்களும் தம் பணி அனுபவத்தைக் காட்டி மதிப்பீடு பெற்று உயர்கல்வியில் சேர ‘ஏபெல்’ என்னும் வழி நம் நாட்டில் இருக்கிறது. இளங்கலைப் படிப்புக்கு 21 வயது நிறைந்தோர் அவ்வழியே விண்ணப்பிக்கலாம். ஆலயத்திற்கு வரும் நம் சகோதரிகளில் பலருக்கு இது தெரியவில்லை என்பதால் இங்கே குறித்தேன்.

1969இல் அடிகளார் மலாயாப் பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வு பெற்றார். இரண்டாம் மாநாடு அதற்கு முந்திய ஆண்டு சென்னையில் பெருந்திரளோடு நடந்தேறியிருந்தது. மூன்றாவது 1970இல் பாரிசில் நிகழ்ந்தது. சிறிது காலம் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் வருகைப் பேராசிரியராக இருந்துவிட்டு யாழ்ப்பாணம் திரும்பினார். 1974 ஜனவரியில் நான்காம் மாநாடு அவர் பிறந்த மண்ணிலேயே கூடியது. அதன் நிறைவு நாளில் நிகழ்ந்த உயிர்ப்பலி தமிழர் நெஞ்சில் ஆறாத புண்ணாயிற்று. அதன்பின் அவர் அமைதியாகவே வாழ்ந்தார். உடல் நலிவுற்றபோதும் எழுத்துப் பணி ஓயவில்லை.

1980 செப்டம்பர் 1ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 67. நான்கு திங்கள் கழித்து 1981 ஜனவரியில் மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு கூடியது. மீனாட்சியம்மை ஆட்சி புரியும் அந்நகரில் அவருக்குச் சிலையும் எழுப்பப்பட்டது. ஒன்பதாம் மாநாடு 2015ஆம் ஆண்டு மீண்டும் கோலாலம்பூருக்கே வந்து, அவர் பாடம் நடத்திய அதே மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்றது.